மயில்வாகனம் மாஸ்டர்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டை வாங்கி வைக்கச் சொன்னது பிசியோதெரபிக்கு வீட்டுக்கு வருகிற ஷெரின். தினமும் வலி பத்துக்கு எத்தனை, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, எல்லாம் எழுத வேண்டுமாம். "மனசுல இருக்கிறதையும் எழுதுங்க அங்கிள், லேசா இருக்கும்" என்றாள். அங்கிளாம்! எனக்கு நாற்பத்தெட்டு வயதுதான் ஆகிறது. என் மனதில் இருப்பதை எழுதினால் நோட்டு தீப்பிடித்துக்கொள்ளும்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். வலி பத்துக்குப் பதினாலு.

இடுப்பில் தொடங்கி, இடது பக்கமாகத் தொடைக்குப் பின்னால் இறங்கி, கெண்டைக்காலைச் சுற்றி, கட்டைவிரலில் போய்க் கடிக்கிறது. கரண்டு அடித்த மாதிரி. முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னார். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, அதிக நேரம் நிற்கக் கூடாது. ஒரு பரோட்டா மாஸ்டரிடம் சொல்கிற பேச்சா இது?

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் எங்கள் கடை. கீழே கடை, மாடியில் வீடு. சாரல் தொடங்கிவிட்டது. அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வருகிற கூட்டம் ஆடி முடிகிற வரை ஓயாது. இந்த இரண்டு மாத ஓட்டம்தான் வருடம் முழுக்க எங்களுக்குச் சோறு. கடையில் இருக்கிற மேடை என் அப்பா கட்டியது. கறுப்புக் கல் பதித்த மேடை, அதன் வலது ஓரத்தில் அடுப்பும் தோசைக்கல்லும். அப்பாவுக்குப் பிறகு என்னைத் தவிர ஒருத்தன் அதில் மாவு அடித்ததில்லை. இந்த வருடம் சீசன் நேரம் பார்த்து நான் கட்டிலில் சவமாகக் கிடக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

என் பெண்டாட்டி பேச்சியம்மாள் என்னைக் கேட்காமலேயே ஒரு மாஸ்டரை வேலைக்குப் போட்டுவிட்டாள்.

"ஆளு யாரு?"

"புளியங்குடிப் பக்கம். பேரு மயில்வாகனம்."

"வரச் சொல்லு. கையைப் பாக்கணும்."

"அவரு கூச்ச சுபாவம். மேலல்லாம் வரமாட்டாரு."

"என் கடையில நிக்கவன் என் மூஞ்சியில முழிக்க மாட்டானா? யார் வீட்டுக் கடை ஏளா இது?"

"நீங்க பேசாமப் படுங்க. பேசினா இடுப்பு இழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உண்மைதான், இழுத்தது. அதற்கும் அவள்மேல்தான் கோபம் வந்தது.

ஜூன் 6, வெள்ளி

தும்மல் வந்தது. இதற்கு மேல் எழுத முடியாது.

ஜூன் 9, திங்கள்

சாயந்திரம் ஆனால் கீழே மாவு அடிக்கிற சத்தம் மேலே கேட்கிறது. கேட்காமல் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? மயில்வாகனம் அடிக்கிற அடி ஈரத்துணியைத் துவைகல்லில் போடுகிற மாதிரி இருக்கிறது. மாவு காற்றில் விரிந்து, மேடையில் விழும்போது ஒரே 'சடார்' கேட்க வேண்டும். இவனுக்கு 'சொத்' என்று விழுகிறது. நடுவில் கிழிந்ததைச் சுருட்டி ஒட்டப் பார்க்கிறான், அதுவும் காதில் விழுகிறது. மூதி. இவனுக்கெல்லாம் மாஸ்டர் என்று ஒரு பட்டம்.

ஷெரின் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கச் சொல்கிறாள். தூக்கினேன். இடுப்பு விண் என்று தெறித்தது. "இடுப்புல கூடினாப் பரவாயில்ல அங்கிள், கால்ல குறையுதான்னு பாருங்க" என்கிறாள். ஒரு இடத்து வலியை இன்னொரு இடத்துக்கு மாற்றுவதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு சான்றிதழ்.

ஜூன் 12, வியாழன்

பேச்சி முன்பெல்லாம் மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, சால்னா வைத்துவிட்டு மேலே வந்து விடுவாள். இப்போது கடை அடைக்கிற வரை கீழேயே கிடக்கிறாள். சால்னாவுக்குப் பக்கத்து வீட்டுச் செல்லக்கனியைக் கூப்பிட்டிருக்கிறாளாம். உனக்கென்ன வேலை அப்படி என்று கேட்டால், "சீசன் கூட்டம்லா" என்கிறாள்.

எனக்குச் சாயந்திரக் காப்பியைப் பரிமாறுகிற சுடலைமுத்துதான் கொண்டுவருகிறார். அப்பா காலத்து ஆள். "புது மாஸ்டர் எப்படிய்யா?" என்று கேட்டேன். "நல்ல கை அண்ணாச்சி, போகப்போகப் பிடிச்சுக்கிடும்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, டம்ளரைக்கூட வாங்காமல் இறங்கிப் போய்விட்டார்.

ஜூன் 14, சனி

என் இடுப்புக்குத் தடவுகிற தைலம் பாதி காணோம். மயில்வாகனம்தான் எடுத்திருக்க வேண்டும். திருட்டுப்பயல்.

ஜூன் 17, செவ்வாய்

நரம்பு மாத்திரை தலையைக் கிறுகிறுக்க வைக்கிறது. கழிப்பறைக்குப் போய் வருவதே ஒரு யாத்திரை. பேச்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை வெட்டி வைத்துத் தந்தாள். இப்படி ஒரு பிழைப்பு. அவள் தோளைப் பிடித்து எழுந்தபோது கையில் கண்ணாடி வளையல் ஒன்றுகூட இல்லை. புருசன் இருக்கும்போதே என்ன கோலம் இது என்று கத்தினேன். "உடைஞ்சிட்டு" என்றாள். இரண்டு கையிலுமா? முன்கையில் சின்னச் சின்னச் சூடு வேறு. சோற்றைப் பிசைந்து எனக்குத் தட்டில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். சும்மா நிற்கிறவளுக்கு என்ன அசதி என்று தெரியவில்லை.

ஒன்றை எழுதியாக வேண்டும். மயில்வாகனத்தின் அடி தேறிவிட்டது. இன்று 'சடார்' கேட்டது. ஒன்றிரண்டு அல்ல, வரிசையாகக் கேட்டது. எனக்கு வயிறு எரிகிறது.

ஜூன் 21, சனி

கீழே கூட்டம் பொங்குகிறது. "மாஸ்டர், இன்னும் ரெண்டு செட்!" என்று எவனோ கத்துகிறான். அந்தக் குரல் என்னைக் கூப்பிட வேண்டியது. பொறுக்க முடியவில்லை. இடுப்புப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினேன். இன்றைக்கு அந்தப் புளியங்குடிக்காரனைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளாவிட்டால் நான் அய்யாத்துரை இல்லை என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

மேடையில் பேச்சி நின்றாள்.

முந்தானையை இடுப்பில் செருகி, முழங்கை வரை எண்ணெய். உருண்டையைத் தட்டி, தூக்கி, ஒரு வீச்சு. மாவு அவள் தலைக்கு மேல் விரிந்து வந்து மேடையில் விழுந்தது. 'சடார்'. கேரளாக்காரக் குடும்பம் ஒன்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னளா இது?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். முகம் ஒரு நொடி வெளுத்தது. அடுத்த உருண்டையை எடுத்தாள். "இப்பப் பேசாதீய. கல்லு காயுது" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் வீடே அதிரும்படி சண்டை.

"மயில்வாகனம் யாரு?"

"எங்க அப்பா வளத்த கெடா."

"கெடாவா? ஒரு கெடாவையா நான் இத்தனை நாளா ஏசிக்கிட்டுக் கெடந்தேன்?"

"பொம்பளை நிக்கான்னு சொன்னா நீங்க உருண்டு பொரண்டாவது எறங்கி வந்திருப்பீய. அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வேற என்ன செய்யச் சொல்லுதீய? சீசன் நேரத்துல எந்த மாஸ்டர் சும்மா இருக்கான்?"

"எங்க படிச்ச?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து உங்க பக்கத்துல நின்னு உருண்டை பிடிக்கேன். கண்ணைப் பொத்திக்கிட்டா நின்னேன்?"

தண்ணீர்ச் செம்பை எட்டி உதைத்தேன். வலது காலால்தான். ஆனாலும் இடது காலில் வலி தெறித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் தரையைத் துடைத்துவிட்டுக் கீழே போனாள். ஊரெல்லாம் தெரியும், சுடலைமுத்துவுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. என் மேடையில் இன்னொரு ஆள். அது என் வீட்டு ஆள் என்பதால் கோபம் குறையும் என்று யார் சொன்னது? கூடுகிறது.

ஜூன் 24, செவ்வாய்

இனி ஷெரினின் பாயும் தலையணையும் சரிப்படாது. நாலு நாளில் நான் மேடையில் நிற்க வேண்டும். பால்காரர் கொம்பையாவுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் காலால் பிறந்தவர். தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும். எங்கள் பக்கத்தில் அத்தனை பேரும் அவரிடம் மிதி வாங்கியவர்கள்தான். என் அப்பாவும்.

பேச்சி சந்தைக்குப் போன நேரம் வந்தார். குப்புறப் படுத்தேன். "மூச்சை விடும் அண்ணாச்சி" என்று சொல்லி ஏறினார். ஆள் நல்ல கனம். உள்ளே 'கடக்' என்றது. "பாத்தீரா, விட்டுட்டு" என்றார். எனக்கும் விட்ட மாதிரிதான் இருந்தது. ஒரு மணி நேரம் ராஜா மாதிரி இருந்தேன்.

ஜூன் 25, புதன்

கட்டைவிரல் தூக்க மாட்டேன் என்கிறது. மனதால் சொல்கிறேன், தூக்கு தூக்கு என்று. அது என் விரலே இல்லாத மாதிரி கிடக்கிறது. நடந்தால் செருப்பு கழன்று கழன்று போகிறது.

பேச்சி கடையைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் ஏற்றினாள். சீசனில் ஒரு நாளும் அந்த ஷட்டர் இறங்கியதில்லை. "கடையைப் பூட்டிட்டு வாரியே, அறிவிருக்கா?" என்றேன். "கடை கெடக்கட்டும்" என்றாள். டாக்டர் திட்டிய திட்டை எழுத எனக்கு விருப்பமில்லை. நரம்பு இன்னும் நசுங்கினால் ஆபரேசன், அப்போதும் கால் முழுதாகத் திரும்பும் என்று உறுதி இல்லை என்றார். பேச்சி என்னைத் திட்டவே இல்லை. அவள் காதோரத்தில் மைதா ஒட்டியிருந்தது. திட்டியிருக்கலாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை ஷெரின் படித்தாலும் படித்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 3, வியாழன்

படுக்கை. குப்புற முழங்கை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பிறகு மல்லாந்து காலை மெதுவாக நீட்டி மடக்க வேண்டும். நரம்பை நூல் மாதிரி மெல்ல இழுத்து விடுகிறோம் என்கிறாள் ஷெரின். "வேகம் கூடாது அங்கிள். நரம்புக்குக் கோவம் வரும்." எனக்கு வருகிற கோபத்தை யார் கேட்கிறார்கள்?

கொம்பையா பால் ஊற்ற வந்தபோது, "மூணு மிதி மிதிச்சிருக்கணும், நீர்தான் ஒண்ணோட போதும்னுட்டீரு" என்று கீழே நின்று மாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சி அவருக்குக் கொடுத்த பதிலைக் கேட்டுச் சாலையில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். நான் படுத்தபடியே கேட்டேன். இவ்வளவு ஏச்சு இவளுக்குத் தெரியுமா என்று ஆச்சரியமாக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

வலி பாதத்தை விட்டு விட்டது. கெண்டைக்காலில் நிற்கிறது. இடுப்பில் கூடியிருக்கிறது. அது நல்லதுதானாம். ஷெரின் சொன்னது சரியாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

ஜூலை 11, வெள்ளி

விரல் அசைந்தது.

நானே நம்பவில்லை. மறுபடி தூக்கினேன், மறுபடி எழுந்தது. சுண்டுவிரல் அளவுக்குக்கூட இல்லை, ஆனால் எழுந்தது. பேச்சி வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வெங்காயம் உரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வெங்காயமெல்லாம் கீழேதான் இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

ஷெரின் என்னைக் கீழே நடத்திக் கூட்டிவந்தாள். மேடையைப் பார்த்தவள் என்னை அதன் பக்கத்தில் நிற்க வைத்தாள். மேடை என் தொடைக்கு வந்தது.

"இதிலயா அங்கிள் இவ்வளவு வருசமும் நின்னீங்க? குனிஞ்சே நின்னிருக்கீங்களே. இதை இடுப்பு உயரத்துக்கு ஏத்தணும். இல்லேன்னா நின்ன மாசமே திரும்ப வந்துரும்."

அப்பா குள்ளம். அவர் உயரத்துக்குக் கட்டியது. நான் ஆறடி. அப்பா கட்டியதைத் தொடக் கூடாது என்று இருந்துவிட்டேன். பேச்சி மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேடை சரியாக அவள் இடுப்பில் இருந்தது.

ஜூலை 16, புதன்

"கொத்தனார் இசக்கியை வரச் சொல்லியிருக்கேன். செவ்வாய்க்கிழமை மேடையை ஏத்துதோம்" என்றேன்.

"ஏத்தினா எனக்கு எட்டாதே."

"எட்டாட்டி உருண்டை பிடி. முன்ன பிடிச்சதுதானே."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அது பிடிச்சிருக்கு."

"எது?"

"அடிக்கது. மாவு கைய விட்டுப் போயி விரிஞ்சு வருதுல்லா, அது. உங்க இடுப்பு போனது எனக்குக் கஷ்டந்தான். மேடை கெடச்சது கஷ்டமில்ல. பொய் சொல்லத் தெரியல எனக்கு."

மயில்வாகனம் என்று கதை கட்டியவளுக்குப் பொய் சொல்லத் தெரியாதாம்! ஆக, நான் விழுந்தது இவளுக்குக் கொண்டாட்டம். செவ்வாய்க்கிழமை என்பதை மாற்றுவதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். சாப்பாடும் வேண்டாம் என்றேன். அதைப் பிறகு மாற்றிக்கொண்டேன், மாத்திரை போட வேண்டியிருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

இசக்கி செங்கல் வரிசை வைத்து மேடையை ஏற்றிவிட்டான். அடுப்பும் சேர்ந்து ஏறியது. நிமிர்ந்து நின்றால் கை தானாக மேடையில் படுகிறது. பேச்சி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நல்லது.

ஜூலை 24, வியாழன்

நின்றேன். பெல்ட் கட்டி, நிமிர்ந்து நின்று, முதல் உருண்டையை வீசினேன். கை மறக்கவில்லை. என் சத்தம் என் காதில் விழுந்தபோது எனக்கு அழுகை முட்டியது. சந்தோசம், வேறென்ன. சுடலைமுத்து கைதட்டினார்.

அரைமணி நேரம் இருக்கும். தொடையில் எறும்பு ஊர ஆரம்பித்தது. பிறகு கெண்டையில். பிறகு பழைய கரண்டு. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மேசையெல்லாம் ஆட்கள். பேச்சி உள்ளேயிருந்து தக்காளி வருகிற மரப்பெட்டி ஒன்றைத் தூக்கிவந்தாள். கவிழ்த்துப் போட்டாள். ஏறினாள். என் கையிலிருந்த உருண்டையை வாங்கி வீசினாள்.

நான் கல்லாவில் போய் உட்கார்ந்தேன். இவளை இறக்குவதற்குத்தானே மேடையை ஏற்றினேன்? ஏறி நிற்கிறாள்.

ஜூலை 29, செவ்வாய்

இதுதான் இப்போது நடைமுறை. முதல் அரைமணி நான். பிறகு பெட்டி. "அக்கா போட்டதா, அண்ணாச்சி போட்டதா?" என்று கேட்டு வாங்குகிறான்கள். அக்கா போட்டது வேண்டுமாம். நாக்குச் செத்தவன்கள்.

பெட்டி ஒவ்வொரு வீச்சுக்கும் 'டொக்கு டொக்கு' என்று ஆடுகிறது. அந்தச் சத்தம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் மண்டையில் அடிக்கிறது. சொன்னால், "அப்ப மேடைய எறக்குங்க" என்கிறாள். நடக்காது.

ஆகஸ்ட் 2, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

சீசன் சனிக்கிழமை, நல்ல கூட்டம். பேச்சி வீசப் போனாள், பெட்டியின் ஒரு பலகை முறிந்தது. அப்படியே வலது பக்கமாகச் சாய்ந்தாள். அந்தப் பக்கம் தோசைக்கல், கொதிக்கிற எண்ணெய். நான் கல்லாவிலிருந்து ஓடினேன். ஓடினேன்! இடுப்பு என்று ஒன்று இருப்பதே நினைவில்லை. அவள் இடுப்பைப் பிடித்து இழுத்து, இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். அவள் வலது முன்கை கல்லில் பட்டுவிட்டது. முகம் படவில்லை. இரண்டு விரற்கடை தள்ளியிருந்தால் முகம்தான்.

எழுந்ததும் என்ன செய்தாள் தெரியுமா? கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டுப் பெட்டியைத் தேடினாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம், பெட்டியைச் சாலை வரைக்கும் எட்டி உதைத்தேன். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"எறக்கிவிட்டுட்டீயல்லா" என்றாள். "இப்பச் சந்தோசமா?"

நான் அதற்காகச் செய்யவில்லை. அதைச் சொல்லாமல் மாடி ஏறிக் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றினேன். வலி இருந்தது, ஆனால் இடுப்போடு நின்றுகொண்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடை இல்லை. பேச்சிக்கு மருந்து போட்டுவிடப் போனால் கையைத் தர மறுக்கிறாள். பிடித்து இழுத்துத்தான் போட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இசக்கியைக் காலையிலேயே வரச் சொல்லிவிட்டேன். மேடைக்கு முன்னால், தரையில், மேடை நீளத்துக்கும் ஒரு படி கட்டச் சொன்னேன். சிமெண்டுப் படி. ஆடாத படி.

அவன் தலையைச் சொறிந்தான். "எதுக்கு அண்ணாச்சி? போன மாசம் ஏத்துன செங்கலை உருவிட்டாப் பழையபடி ஆயிருமே. வேலையும் கம்மி."

"ஏத்துனது ஏத்துனதுதான். படியைக் கட்டு."

"படி கட்டினா உங்களுக்குத் திரும்பக் குனிய வேண்டி வருமே. அப்ப நீங்க எங்க நிப்பீய?"

"அது உனக்கெதுக்குவே? சொன்னதைச் செய்யி."

பின்னால் பேச்சி நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. என்னைப் பார்க்கவில்லை. கட்டுப்போட்ட கையால் தரையில் ஒரு இடத்தைக் காட்டி இசக்கியிடம் சொன்னாள்: "முழுசும் வேண்டாம் இசக்கி. இந்தா, மாவு அடிக்க இடத்துக்கு மட்டும் கட்டு. தோசைக்கல்லு பக்கம் தரை அப்படியே கெடக்கட்டும். திருப்பிப் போட அவுக நிக்கணும்."

"எவன் கேட்டான் உன்னை? முழுசாக் கட்டு இசக்கி."

"பாதிதான்."

"நான் கல்லாவுல உக்காந்துக்கிடுதேன்."

"கல்லாவுல உக்காந்து என் பரோட்டாவை நொட்டை சொல்லிக்கிட்டே இருக்கதுக்கா? வந்து பக்கத்துல நின்னு சொல்லுங்க. கால் வலிச்சா உக்காருங்க. யாரு வேண்டாங்கா?"

"உன் வியாக்கியானம் எனக்கு வேண்டாம். என் கடை இது."

"நம்ம கடை."

இசக்கி கரணையைப் பிடித்தபடி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "சண்டையை முடிச்சிட்டுச் சொல்லுங்க. கலவை காயுது" என்றான்.

கடைசியில் அவள் சொன்னபடிதான் கட்டினான். இந்தக் கடையில் என் பேச்சை யார் கேட்கிறார்கள்?